பால் கொடுக்கும்போது காம்பு வெடித்துவிட்டதா? மருந்துக்கு முன் பிள்ளையின் பிடியைத் திருத்துங்கள்

மூத்த பிள்ளை கிடைத்த முதல் கிழமையிலேயே எனக்கு இரண்டு காம்பும் வெடித்துவிட்டன. பிள்ளை பசித்து அழத் தொடங்கினாலே பல்லைக் கடித்துக்கொள்வேன். அம்மா தேங்காய் எண்ணெய் பூசச் சொன்னார், பெத்தா நெய் பூசச் சொன்னார், பக்கத்து வீட்டு மாமி தேன் என்றார். கடைசியில் புண் ஆறியது, வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் பிள்ளையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டிய பிறகுதான். முதல் நாட்களில் பிள்ளை வாய் வைத்தவுடன் சில வினாடி கூசுவது வழமை. குடித்து முடிக்கும்வரை வலித்தால் பெரும்பாலும் பிடி சரியில்லை என்று அர்த்தம்.

1. தொடங்கும் முன்

வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். பசி வேகத்தில் பிள்ளை இழுக்கும் இழுவை அந்தப் பக்கத்தோடு தணிந்துவிடும். மார்பு கல்லாக இறுகியிருந்தால் கையால் கொஞ்சம் பாலைப் பிழிந்து இளக்கிக்கொள்ளுங்கள். இறுகிய மார்பில் பிள்ளையின் வாய் வழுக்கி, காம்பின் நுனியில்தான் போய் நிற்கும்.

2. வாயில் வைப்பது

எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன்.

பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில். முகம் மட்டும் திரும்பி, உடல் வானத்தைப் பார்த்தபடி கிடக்கக் கூடாது. தலையின் பின்பக்கத்தை அமத்தாதீர்கள், பிள்ளை எதிர்த்துத் தள்ளும். கழுத்தடியையும் தோளையும் உள்ளங்கையில் தாங்குங்கள்.

காம்பு பிள்ளையின் வாய்க்கு நேரே அல்ல, மூக்குக்கு நேரே இருக்கட்டும். மேலுதட்டில் காம்பால் மெல்லத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். வாய் கொஞ்சம் திறந்தவுடன் திணிக்கவே வேண்டாம். கொட்டாவி விடுவதுபோல் பெரிதாகத் திறக்கும், அந்த நொடியில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் குனிந்தால் முதுகும் போகும், பிடியும் போகும். பிள்ளையின் நாடிதான் (முகவாய்) முதலில் மார்பில் பட வேண்டும்.

சரியாகப் பிடித்திருந்தால் கீழுதடு வெளியே மடிந்திருக்கும். காம்பைச் சுற்றிய கருவளையம் மேலுதட்டுக்கு மேலேதான் கூடுதலாகத் தெரியும். கன்னத்தில் குழி விழாது, ‘டக் டக்’ என்ற சத்தம் வராது. குடித்து முடித்த பின் காம்பு நசுங்கிச் சரிந்திருந்தால் அடுத்த முறை இன்னும் ஆழமாகக் கொடுங்கள்.

3. எடுப்பது

இழுத்து எடுக்காதீர்கள். கழுவிய சின்ன விரலை வாயோரத்தில் விட்டால் பிடி தானாக விடும். பிறகு வேண்டுமானால் மறுபடி வையுங்கள், எத்தனை முறை என்றாலும் பரவாயில்லை.

4. கொடுத்த பின்

இரண்டு துளி தாய்ப்பாலைப் பிழிந்து காம்பில் தடவி, காற்றில் உலர விடுங்கள். சவர்க்காரம் வேண்டாம், குளிக்கும்போது படும் தண்ணீரே போதும். பூச ஏதாவது வேண்டுமென்றால் என் தெரிவு ஃபார்மசியில் கிடைக்கும் சுத்திகரித்த லானோலின் (செம்மறியாட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் களிம்பு). பயறளவு போதும், அடுத்த முறை பால் கொடுக்கும் முன் துடைக்கவும் தேவையில்லை. தேன் மட்டும் கூடவே கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அது பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரக்கூடும்.

பால் கசிவுக்கு மார்பில் வைக்கும் பேட் பிளாஸ்டிக் உறையுள்ளதாக இருந்தால் நம் பக்கத்து வெக்கையில் ஈரத்தை அடைத்து வைக்கும். பழைய பருத்திச் சீலையை மடித்து வைத்து, நனைந்தவுடன் மாற்றுவதே எனக்குப் பிடித்தது. இன்னொன்று: பிள்ளை பெற்றவருக்குச் சமைக்கும் சரக்குத்தூள் கறியால் காம்பு வெடிப்பதில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

5. தாங்கவே முடியாவிட்டால்

அந்தப் பக்கத்தை மட்டும் சிறிது நேரம் ஆற விடுங்கள். ஆனால் பாலைக் கட்ட விடாதீர்கள். பிள்ளை குடிக்கும் நேரங்களில் கையால் பிழிந்து, சுத்தமான சிறு கோப்பையால் உடனே பருக்குங்கள். போத்தல் வேண்டாம். பால் எடுக்கும் பம்பை விடக் கையே நல்லது என்பேன், மார்பில் வைக்கும் அதன் புனல் அளவு பொருந்தாவிட்டால் வெடிப்பை இன்னும் பிளந்துவிடும்.

பிறகு சேர்த்தது

பாலில் இரத்தம் கலந்தால் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வெடிப்பிலிருந்து வரும் கொஞ்ச இரத்தம் பொதுவாகப் பிள்ளைக்குக் கெடுதியில்லை, கொடுங்கள்.

பிடியைத் திருத்திய பின்னும், குடித்து முடித்த பிறகும் எரிவு நிற்கவில்லை, பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை தெரிகிறது என்றால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் திரும்ப வரும். பிள்ளையால் நாக்கை வெளியே நீட்ட முடியாவிட்டால் நாக்கு அடியில் கட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

மார்பு சிவந்து சுட்டு, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், பால் தேங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும்.