புளொக் மாற்றுவதா, போர் அடிப்பதா? 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கு எது சரி?

சைலன்சரில் நீலப் புகை, ஒயில் குறைவு, இரண்டு பேர் ஏறினால் இழுவை இல்லை. இந்த மூன்றையும் சொன்னால் உதிரிப்பாகக் கடையில் உடனே புளொக் கிட்டை (சிலிண்டர் புளொக், பிஸ்டன், ரிங் அடங்கிய தொகுதி) எடுத்து நீட்டுவார்கள். மட்டக்களப்புப் படுவான்கரை வயல் பாதையிலும் வேளாண்மை வெட்டு நேரத் தூசியிலும் ஓடும் வண்டிக்குச் சிலிண்டர் தேயத்தான் செய்யும். ஆனாலும் அளந்து பார்க்காமல் சாமான் வாங்காதீர்கள். கீழேயுள்ள அளவுகள் 50 மில்லிமீற்றர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) உள்ள ஹீரோ ஹொண்டா 100 சிசி வகைக்கு உரியவை.

முதலில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அமுக்கம்) பாருங்கள். குறைவாக இருந்தால் பிளக் துளைக்குள் ஒரு சிறு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ் பக்கம்தான் கோளாறு; புளொக் மாற்றி ஒரு பயனும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்தால் பெரும்பாலும் வால்வ் சீல்தான்.

புளொக்கைக் கழற்றியதும் போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் இரு திசையில் அளக்க வேண்டும். மேல் ரிங் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் தேய்வு அதிகம். சாதாரண கலிப்பரின் வாய் உள்வளைவில் ஒழுங்காக அமராது, அந்த அளவை நம்ப முடியாது.

50.05க்குள் இருந்து கீறலும் இல்லையென்றால் லேசாக ஹோன் செய்து (உட்சுவரை உரசுகல்லால் தீட்டி) புது ரிங் போட்டால் போதும். 50.10 தாண்டினால் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ், அதாவது கூடிய அளவுள்ள, பிஸ்டன் போட வேண்டும்: 0.25, 0.50, 0.75, 1.00. கீறல் போகுமளவுக்கு ஆகக் குறைந்த சைஸை எடுங்கள், அடுத்த முறைக்கும் இடம் மிஞ்சும்.

இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். புளொக்கை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து "ஐம்பது சைஸ் அடியுங்கோ" (0.50 ஓவர்சைஸ்) என்று சொல்லிவிட்டுப் பிறகு பிஸ்டன் வாங்குவார்கள். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே சைஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கம்பனிக்குக் கம்பனி சிறு வித்தியாசம் இருக்கும். பிஸ்டனின் அடி விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீற்றர் மேலே, பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனைக் கோர்க்கும் முளைக்கு) குறுக்காக மைக்ரோமீற்றரில் அளந்து, அதைவிட 0.02 முதல் 0.03 கூடுதலாகப் போர் அடிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் 50.23 என்றால் போர் 50.25 அல்லது 50.26. இறுக்கமானால் சூட்டில் பிஸ்டன் பிடிக்கும். தளர்ந்தால் தட்டும் சத்தமும் புகையும் திரும்பி வரும்.

1.00 சைஸும் முடிந்துவிட்டால் புது ஸ்லீவ் (புளொக்குக்குள் இறக்கும் உட்குழல்). புளொக்கைச் சூடாக்கி ஸ்லீவை இறக்கி, மேல்முகத்தைச் சமன்செய்து, பிறகு போர் அடிக்க வேண்டும். மேல்முகம் சமனாகாவிட்டால் ஹெட் கேஸ்கட் ஒழுகும். உட்சுவரில் நிக்கல் பூச்சுள்ள புளொக்குகளுக்கு இந்த ஓவர்சைஸ் வழி சரிவராது. முழுக் கிட் வாங்குவது விரைவான வழி, லேத் செலவில்லை. ஆனால் மலிவுக் கிட்டின் அளவுகளையும் பூட்டுமுன் பார்த்துவிடுங்கள்.

பூட்டும் முறை:

1. புளொக்கைச் சவர்க்காரமும் சுடுநீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை துடைப்பதை விடாதீர்கள், கறுத்தால் ஹோன் தூள் இன்னும் இருக்கிறது. பெற்றோலால் மட்டும் கழுவினால் அது போகாது.

2. ரிங்கைத் தனியாகப் போருக்குள் பிஸ்டனால் தள்ளிப் பீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) ரிங்கின் வாய் இடைவெளி பாருங்கள். 0.10 முதல் 0.30 வரை நல்லது.

3. கிராங்க் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் பிஸ்டனைப் பூட்டுங்கள். சர்க்கிளிப் (பிஸ்டன் பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) உள்ளே விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். பழைய சர்க்கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள். பிஸ்டன் தலையிலுள்ள "ஐஎன்" (IN) அடையாளம் காபரேற்றர் பக்கம் இருக்க வேண்டும்.

4. ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே. வாய்கள் 120 பாகை இடைவெளியில்.

5. டவல் பின்கள் (புளொக்கை இடம் மாறாமல் அமர்த்தும் முளைகள்), புது கேஸ்கட், ஒயில் தடவிய சுவர். ரிங்குகளை விரலால் அமுக்கிப் புளொக்கை இறக்குங்கள். எங்காவது தடுத்தால் தட்டாதீர்கள், ரிங் உடையும். டைமிங் செயினைக் கம்பியால் கட்டி வையுங்கள்.

6. பிளைவீலின் டி (T) அடையாளத்தையும் கேம் பற்சக்கரத்தின் அடையாளத்தையும் அவையவற்றுக்குரிய குறிகளுக்கு நேராக வைத்து, ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காகப் படிப்படியாக இறுக்குங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வ் இடைவெளி 0.05.

முதல் 500 கிலோமீற்றருக்கு ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாமல், திரொட்டிலை முழுவதும் திருகாமல் ஓட்டி, பிறகு ஒயிலை மாற்றி, வால்வ் இடைவெளியை இன்னொரு முறை பாருங்கள். எயார் பில்டரைப் பழையதாகவே விட்டால் கடற்கரை மணலும் வயல் தூசியும் புதுப் போருக்குள்ளும் அதே வேலையைக் காட்டும்.