பழைய பேஸ்பால் கார்டில் நேரில் கையெழுத்து வாங்குவது எப்படி?

ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட சிறு அட்டையான பேஸ்பால் கார்டு என்றாலே செய்தியில் அடிபடும் விலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதே மாதம் ஹோனஸ் வாக்னரின் டி206 (அந்நாளில் சிகரெட் பெட்டியோடு வந்த வரிசை) கார்டு ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இவற்றை நீங்களும் வாங்கப் போவதில்லை, நானும் வாங்கப் போவதில்லை. அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு, பிள்ளைகளின் லிட்டில் லீக் ஆட்டத்தில் தொடங்கி இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டவர்களுக்காக எழுதுகிறேன். சில டாலர் விலையுள்ள, மூலை மழுங்கிய ஒரு பழைய கார்டை வாங்கி, அதில் இருக்கும் ஆட்டக்காரரையே நேரில் பார்த்துக் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. ஆட்ட விதிகளை விளக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: முதலில் ஆள், பிறகு கார்டு

கார்டை வாங்கி வைத்துக்கொண்டு ஆளைத் தேடக் கூடாது. எந்த நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள், அங்கே யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகே கார்டு வாங்குங்கள். பேப் ரூத் 1948இலேயே மறைந்துவிட்டார், மேன்டில் 1995இல். நமக்கு வேண்டியவர்கள் 1960களிலும் 70களிலும் ஆடி, இன்றும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கையெழுத்திடுபவர்கள்.

என் பரிந்துரை ஃபெர்கி ஜென்கின்ஸ் போன்றவர்கள். கனடாவில் பிறந்தவர், சிகாகோ கப்ஸ் அணியில் 1967 முதல் 1972 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் இருபது வெற்றிகளுக்குக் குறையாமல் எடுத்த பந்துவீச்சாளர், 1991இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் சாதனையாளர் மன்றத்தில் சேர்க்கப்பட்டவர். சிகாகோ வட்டார நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகளாகக் கையெழுத்திட்டு வந்திருப்பவர். சாதனை பெரியது, ஆனால் பழைய கார்டின் விலை கையைக் கடிக்காது. இப்படி ஒருவரிடம் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

போக வேண்டிய இடங்கள் பல. ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் நேஷனல் என்ற பெருங்கண்காட்சி 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. ஊர் மாறி மாறி நடந்தாலும் சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்டுக்கு அடிக்கடி திரும்பி வரும். ஜனவரியில் கப்ஸ் கன்வென்ஷன், செயின்ட் லூயிஸில் கார்டினல்ஸ் அணியின் வின்டர் வார்ம்-அப் ஆகியவை நடக்கும். பின்னதில் கையெழுத்து டிக்கெட் பணம் அந்த அணியின் அறக்கட்டளைக்குப் போகிறது. ஜூலையில் ஹால் ஆஃப் ஃபேம் விழா நாட்களில் அது இருக்கும் ஊரான கூப்பர்ஸ்டவுனின் மெயின் ஸ்ட்ரீட் கடைகளிலெல்லாம் பழைய நட்சத்திரங்கள் உட்கார்ந்திருப்பார்கள். பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் பிப்ரவரி, மார்ச்சில் ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் ஸ்பிரிங் டிரெய்னிங் என்ற பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்களுக்குப் போகலாம். அங்கே கம்பித் தடுப்பருகே நின்றால் இலவசமாகவே கிடைக்கும். பொறுமை மட்டும் வேண்டும்.

படி 2: கார்டு வாங்குவது

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலே உண்மையான விலை. கையெழுத்துக்கென்றே வாங்கும்போது மழுங்கிய மூலையோ லேசான மடிப்போ குறையாகாது, தள்ளுபடிதான். முகத்தின் குறுக்கே மடிப்பு ஓடும் கார்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மடிப்பின் மேல் பேனா ஓடும்போது மை பிளந்துவிடும்.

அசலா மறுபதிப்பா என்ற கேள்விக்கு ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். நகைக்கடையில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த வகை, பத்து மடங்கு பெருக்குவது. படத்தைப் பார்க்காமல் ஆட்டக்காரரின் பெயர் அச்சிடப்பட்ட இடத்தைப் பாருங்கள். அசலில் கறுப்பு எழுத்து விளிம்பு வரை கெட்டியான மையாக இருக்கும். முழுக் கார்டையும் படமெடுத்து அச்சிட்ட போலியில் எழுத்துகூட வண்ணப் புள்ளிகளால் ஆகியிருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண் ஏமாறாது. டி206, கௌடி நிறுவனத்தின் 1933 வரிசை போன்ற இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டுகளுக்குப் புற ஊதா விளக்கும் உதவும். அக்காலத்து அட்டையில் வெண்மையூட்டும் ரசாயனம் கிடையாது என்பதால் அது பளீரென ஒளிராது. ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்.

அளவுகோலும் எடுத்துச் செல்லுங்கள். டாப்ஸ் கார்டுகள் 1952 முதல் 1956 வரை 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1957 முதல்தான் இன்று நாம் பார்க்கும் 2½க்கு 3½ அளவு வந்தது. டாப்ஸ் நிறுவனமே 1983இல் 1952 வரிசையை மறுபதிப்புச் செய்தபோது இந்தச் சிறிய அளவில்தான் அச்சிட்டது. ஆகவே '1952 மேன்டில், மலிவு விலை' என்று யாராவது நீட்டினால் அளவுகோலே பதில் சொல்லிவிடும். அளவு குறைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேய்ந்த விளிம்பைக் கத்தரித்துக் கூர்மையாக்கி விற்பார்கள். உலகப் புகழ்பெற்ற வாக்னர் கார்டு ஒன்றே இப்படிக் கத்தரிக்கப்பட்டதுதான். ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ அதை 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இனி, புதியவர்கள் அதிகம் தடுமாறும் விஷயம். 1967, 1971, 1975 டாப்ஸ் கார்டுகளின் முன்பக்கத்தில் ஆட்டக்காரரின் கையெழுத்து அச்சிலேயே இருக்கும். 'கையெழுத்துப் போட்ட கார்டு' என்று இதையே விற்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். பேனா மை கார்டின் மேற்பரப்பில் படிந்து தனியாக மினுங்கும். அச்சுக் கையெழுத்து படத்தோடு படமாகக் கிடக்கும்.

படி 3: மையும் மேற்பரப்பும்

இந்தப் படியைத்தான் எல்லா வழிகாட்டிகளும் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. டிக்கெட்டுக்கும் பயணத்துக்கும் செலவழித்த பணம் வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நீல நிற ஷார்பி (அழியா மை மார்க்கர் பேனா), மெல்லிய முனை. வேறு எதையும் முதல் முறை முயற்சிக்க வேண்டாம். கறுப்பு வேண்டாம் என்பதற்குக் காரணம், அது அச்சு மையோடு கலந்து தெரியாமல் போய்விடும். 1971 கார்டில் கறுப்பு விளிம்பு, அச்சுக் கையெழுத்தும் கறுப்பு. அதில் கறுப்பு ஷார்பியால் போட்டால் எது அசல் என்று மறுபடி கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியில் மேசை மேல் கிடக்கும் பேனாவை நம்பாதீர்கள். காலையிலிருந்து நூறு பேருக்கு எழுதி அதன் முனை பஞ்சு போலாகியிருக்கும். புதிய பேனா இரண்டு கொண்டுபோய், அட்டைத் துண்டில் ஒருமுறை கிறுக்கிப் பார்த்து, மூடியைக் கழற்றி நீட்டுங்கள்.

கார்டின் எந்த இடத்தில் எழுத வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். வெள்ளைச் சட்டை, வெளிர் வானம், மங்கலான புல்தரை நல்ல இடங்கள். இருட்டான பின்புலம் மட்டுமே உள்ள கார்டு என்றால் வேறு ஆண்டுக் கார்டைத் தேடுங்கள். வெள்ளி நிற பெயின்ட் பேனா அழகுதான், ஆனால் அதைக் குலுக்கி, முனையை அழுத்தி, மை சீராக இறங்கும்வரை வேறு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது அதற்கு நேரம் இராது. ஒரு சொட்டு கூடுதலாக இறங்கினாலும் ஆட்டக்காரரின் முகத்தில் வெள்ளி மச்சம் முளைத்துவிடும்.

பழைய கார்டுகளில் பளபளப்பு குறைவு என்பதால் மை நன்றாகப் பிடிக்கும். ஆனால் சில கார்டுகளில், அவற்றை அடைத்து விற்ற மெழுகுத்தாள் உறையின் மெழுகு படிந்திருக்கும். அந்த இடத்தில் மை ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். முதல் நாள் இரவே நைலான் துணியால் மெதுவாகத் துடையுங்கள். 1990களுக்குப் பிந்தைய வழுவழுப்பான கார்டு என்றால் குழந்தைகளுக்குப் போடும் பவுடரைப் பஞ்சில் தொட்டு லேசாகத் தடவித் துடைத்தால் போதும். அழிரப்பரால் தேய்க்கச் சொல்பவர்களும் உண்டு. பழைய கார்டில் அதைச் செய்யாதீர்கள், அச்சே உரிந்து வந்துவிடும்.

கையெழுத்து ஆனதும் உடனே உறைக்குள் திணிக்கக் கூடாது. சில நிமிடங்கள் உள்ளங்கையில் விளிம்பைப் பிடித்தபடி காற்றில் ஆற விடுங்கள். அவசரப்பட்டால் எழுத்தின் வால் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நீல இழுப்பாக நீளும்.

பந்து கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஷார்பி கூடவே கூடாது. தோலில் மை பரவிக் காலப்போக்கில் ஊதாவாகக் கலங்கும். நீல பால்பாயின்ட் பேனாதான் சரி. தையல்கள் நெருங்கி வரும் குறுகிய இடத்தை முன்பக்கமாகத் திருப்பி நீட்டுங்கள்.

படி 4: டிக்கெட்டும் வரிசையும்

கட்டணக் கையெழுத்து நிகழ்ச்சிகளில் ஒரே ஆட்டக்காரருக்குப் பல விலை இருக்கும். கார்டு, புகைப்படம் போன்ற தட்டையான பொருட்களுக்கு ஒரு விலை, பந்துக்கு ஒன்று, மட்டைக்கும் சட்டைக்கும் அதைவிடக் கூடுதல். 'ஹால் ஆஃப் ஃபேம் 91' போன்ற கூடுதல் வாசகம் எழுதச் சொன்னால் அதற்குத் தனி டிக்கெட். எதற்கு எந்த டிக்கெட் என்பதை வாங்குவதற்கு முன்பே விதிமுறையில் பாருங்கள். மேசைக்கு வந்த பிறகு உதவியாளரிடம் வாதாடினால் பின்னால் நிற்பவர்களின் சாபம்தான் மிச்சம்.

இதில் நமக்கென்று ஒரு தனித் தலைவலி. பெயர் போட்டு எழுதச் சொன்னால் நம் பெயர்களை அந்த இரைச்சலில் உச்சரித்துக் காட்டிப் பயனில்லை. ழகரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒட்டுத்தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயரை எழுதி, கார்டு உறையின் மேல் ஒட்டிக் கொடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள், அதையே பெயரென்று எண்ணி எழுதிவிடுவார்கள். பெயர் போட்ட கார்டுக்கு விற்பனை விலை குறையும் என்பது உண்மை. விற்கவா வாங்குகிறோம்?

பேச நினைப்பதை ஒரே கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். 'நான் உங்கள் பெரிய ரசிகன்' என்பதை அவர்கள் அன்று காலையிலிருந்து கேட்டுச் சலித்திருப்பார்கள். ரோலி ஃபிங்கர்ஸிடம் 1969 கார்டை நீட்டினால் பேச்சு தானாகவே வரும். அந்தப் படத்தில் அவருடைய புகழ்பெற்ற முறுக்கு மீசை இன்னும் முளைக்கவில்லை.

படி 5: சான்றும் பாதுகாப்பும்

நேரில் வாங்கியதற்குச் சான்று எதற்கு என்று கேட்கலாம். உங்களுக்குத் தேவையில்லை, நாளை உங்கள் பிள்ளைக்குத் தேவைப்படலாம். கையெழுத்தைச் சோதித்துச் சான்று தரும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் ஆகிய மூன்று நிறுவனங்களின் சான்றையும் வணிகர்கள் ஏற்பார்கள். பெரிய கண்காட்சிகளில் இவர்களின் மேசை இருந்தால் அங்கேயே முடித்துவிடுங்கள். விற்பவர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு மதிப்பில்லை. 1990களின் இறுதியில் எஃப்பிஐ நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் சிக்கிய கும்பலின் சரக்கில், அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால்களும் இருந்தன!

வீட்டில் மெல்லிய உறை, அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. ஆல்பம் என்றால் பாலிப்ரொப்பிலீன் பக்கங்கள் மட்டும். பழைய பிவிசி பக்கங்கள் நாளடைவில் கசிந்து கார்டோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், ஷார்பி நீலம் வெளிறிவிடும்.

பிற்சேர்க்கை

முதலில் எழுதியதைப் படித்தவர்கள் கேட்டவற்றில் சில:

1952–56 கார்டுகள் ஒன்பது அறைப் பக்கத்தில் நுழையவில்லை என்று ஒருவர் சொன்னார். நுழையாது, அழுத்தவும் வேண்டாம். அந்த அளவுக்கென்றே எட்டு அறைப் பக்கங்கள் கிடைக்கின்றன, கூடும் பெரிய அளவில் வாங்க வேண்டும்.

தரமிடும் நிறுவனம் கார்டின் நிலைக்கு மதிப்பெண் தந்து மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கும் கார்டைக் கையெழுத்துக்குக் கொண்டுபோகலாமா? பெட்டியின் மேல்தான் எழுதுவார்கள், அது எனக்குப் பிடிக்காது. தரமிடாத கார்டில் கையெழுத்து வாங்கிப் பிறகு அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். கார்டுக்கும் கையெழுத்துக்கும் தனித்தனி மதிப்பெண் தருவார்கள்.

ஒரே கார்டில் இருவர் இருந்தால்? 1968 டாப்ஸ் 177ஆம் எண் கார்டில் ஜெர்ரி கூஸ்மனும் நோலன் ரயனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். முதலாமவர் தன் இடத்தில் மட்டும் எழுதும்படி ஒட்டுத்தாளால் மற்றவர் இடத்தைக் குறித்துக் காட்டுங்கள். மறந்தால் கார்டு முழுக்க ஒரே பெயர் ஓடிவிடும்.

தபாலில் கேட்கலாமா என்று பலர் கேட்டார்கள். கேட்கலாம். கையால் எழுதிய சிறு கடிதம், ஒன்றிரண்டு கார்டு, உங்கள் முகவரி எழுதி அஞ்சல்தலை ஒட்டிய திரும்பு உறை போதும். மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். ஆகவே தொலைந்தால் அழவைக்கும் கார்டை அனுப்பாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் கூட்டைச் சாதாரண உறையில் வைத்தால் தபால் நிலைய இயந்திரத்தில் சிக்கும், கூடுதல் கட்டணமும் கேட்பார்கள். இரண்டு மெல்லிய அட்டைகளுக்கு நடுவே வைத்து, சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் நீல நாடாவால் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப்பைப் பிரிக்கும்போது கார்டும் சேர்ந்து கிழிந்துவிடும்.