கரண்ட் பில்லு தப்பா வந்தா எந்தக் கதவைத் தட்டணும்? ராம்நாடு கடக்கரை ஆளுங்களுக்கு

பில்லு கண்டமேனிக்கு வந்துருச்சு, மதுரை ஐகோர்ட்டுல ரிட் மனு போட்டுரலாமானு கேக்குறவய்ங்க நிறைய. போடலாம், யாரு தடுக்கப் போறா, ஆனா முக்காவாசி நேரம் "மொதல்ல ஃபோரத்துக்கு, அதான் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்குப் போனீங்களா"ன்னு கேட்டு திருப்பி விட்டுருவாங்க, வக்கீல் ஃபீஸ் போனதுதான் மிச்சம்.

அதனால பில்லு கைக்கு வந்ததும் கோவப்படுறதுக்கு முன்னாடி அந்தப் பேப்பர்ல என்ன பிரிவு போட்டிருக்குன்னு பாருங்க, 2003 மின்சாரச் சட்டத்துல எந்தப் பிரிவுங்கிறதை வச்சுத்தான் எங்க போறதுங்கிறதே முடிவாகும். பிரிவு 126னு இருந்தா, வீட்டு சர்வீஸ்ல இருந்து கருவாட்டுக் கடைக்கு வயர் இழுத்த மாதிரி கேஸு, ரெண்டு மடங்கு ரேட் போடுவாங்க. மொதல்ல வர்றது தற்காலிக மதிப்பீடுதான், அதுக்கு எழுத்துல ஆட்சேபம் குடுங்க, சும்மா இருந்துராதீங்க. ஃபைனல் ஆர்டரும் பாதகமா வந்தா 30 நாளைக்குள்ள அப்பீல், அதுவும் பாதிப் பணத்தைக் கட்டிட்டுத்தான். இதுக்கு ஃபோரமும் கிடையாது, நுகர்வோர் கோர்ட்டும் கிடையாது, 2013ல சுப்ரீம் கோர்ட் அதைத் தெளிவா சொல்லிருச்சு. 135னா திருட்டு கேஸு, நேரா வக்கீலைப் பாருங்க.

இந்த ரெண்டும் இல்லாம ரீடிங் தப்பு, மீட்டர் ரிப்பேர், டேரிஃப் (கட்டண வகை) தப்புனு வந்தா நுகர்வோர் குறைதீர் மன்றம், நம்ம ஆளுங்க ஃபோரம்னு சொல்றது. மேற்பார்வைப் பொறியாளர் ஆபீஸ்லதான் இருக்கும், நமக்கு ராமநாதபுரம் டவுன். வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல.

எங்க மாமா மண்டபம் பக்கம் சின்னதா ஐஸ் பிளாண்ட் வச்சிருக்காரு. ஒரு வருசம் மே மாசம் மீட்டர் டெர்மினல் உப்புக் காத்துல பச்சை பூத்து செத்துப் போச்சு. ரீடிங் இல்ல, அதனால முந்தின நாலு மாச ஆவரேஜைப் போட்டு பில் அடிச்சுட்டாய்ங்க. முந்தின நாலு மாசம்னா ஜனவரியில இருந்து ஏப்ரல், படகு ஓடுற சீசன், மெஷின் ராப்பகலா ஓடியிருக்கும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகு ஒண்ணும் கடலுக்குப் போகாது, அப்புறம் ஐஸ் யாருக்கு? செக்‌ஷன் ஆபீஸ்ல சொன்னா "ரூல்ல நாலு மாசம்னுதான் இருக்கு"ங்கிறாய்ங்க. ரூல்ல அது மட்டுமா இருக்கு? தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு 11வது விதியைப் படிச்சா, அந்த நாலு மாசமும் மீட்டர் கெட்டுப் போன காலமும் ஒரே மாதிரி உபயோகமா இருந்தாத்தான் அந்த ஆவரேஜ், வேற மாதிரி இருந்தா முந்தின 12 மாசத்துல அதே நிலைமை இருந்த மாசங்களைப் பாக்கணும்னு இருக்கு. மாமா அதை மேற்கோள் போட்டு, தடைக்கால அரசு அறிவிப்பு, தடைக்கு முன்னாடி படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை குடுத்த கடைசி டோக்கன் நகல், முந்தின வருசம் ஜூன்ல அடிச்ச பில்லு மூணையும் சேத்து ஃபோரத்துல வச்சாரு. பில்லைத் திருத்திக் குடுத்தாங்க. இறால் பண்ணை வச்சிருக்கவங்களும் இப்படித்தான் சீசன் கணக்கைக் கையில வச்சுக்கிட்டுப் போகணும்.

கேஸ் முடியுறதுக்குள்ள ஃபியூஸைப் பிடுங்கிருவாங்களேன்னு பயப்படுறீங்கள்ல, அதுக்கும் வழி இருக்கு. பிரிவு 56(1): 15 நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் இல்லாம துண்டிக்க முடியாது. கேக்குற தொகை, இல்லேன்னா முந்தின ஆறு மாச ஆவரேஜ் கணக்குல மாசத் தொகை, இதுல எது கம்மியோ அதை "ஆட்சேபத்தோட கட்டுறேன்"னு எழுதிக் கட்டிட்டா, தகராறு தீர்ற வரைக்கும் துண்டிக்கக் கூடாது. அந்த ஆறு மாசத்துல தடைக்காலம் வந்திருந்தா ஆவரேஜ் நல்லாவே இறங்கும், கணக்குப் போட்டுப் பாத்துக்குங்க.

அடுத்தது ஆடிட். நாலஞ்சு வருசம் கழிச்சு ஒரு கடுதாசி வரும், "ஆடிட்ல கண்டுபிடிச்சோம், டேரிஃப் தப்பு, பாக்கியைக் கட்டு"ன்னு. உடனே "ரெண்டு வருசம் தாண்டிருச்சு, செல்லாது"ன்னு 56(2)ஐ நீட்டுவோம். பாதிதான் சரி. ராஜஸ்தான்ல இப்படித்தான், 2009 ஜூலையில இருந்து 2011 செப்டம்பர் வரைக்குமான டேரிஃப் தப்புக்கு 2014ல பில் குடுத்தாங்க, சுப்ரீம் கோர்ட் 2020 பிப்ரவரியில சொன்னது என்னன்னா, தப்பு பின்னாடி தெரிஞ்சா பில் குடுக்கலாம், ஆனா அந்தப் பாக்கிக்காக கரண்டைத் துண்டிக்க முடியாது. ஆக மனுவுல "பணமே தர மாட்டேன்"னு வீராப்பு பேசுறதை விட "துண்டிக்கக் கூடாது"ன்னு கேக்குறதுதான் நிக்கும்.

ஃபோரத்துல தோத்தா சென்னை கிண்டியில மின்குறை தீர்ப்பாளர். ரேட் போடுற மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நேரா பில் தகராறைக் கொண்டு போகாதீங்க, 2007லயே ஒரு மகாராஷ்டிரா கேஸ்ல அது ஆணையத்தோட வேலை இல்லைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஐகோர்ட் இதுக்கெல்லாம் அப்புறம், இல்லேன்னா நோட்டீஸே குடுக்காம ஃபியூஸைப் புடுங்குன மாதிரி அப்பட்டமான கேஸுக்கு.

ரேட்டே ஜாஸ்திங்கிறது தனி சண்டை. அதை ஃபோரத்துல பேசி பிரயோஜனம் இல்ல, ஆணையம் ரேட் ஏத்தறதுக்கு முன்னாடி ஆட்சேபம் கேக்கும்போதே எழுதணும். ஆர்டர் வந்துட்டா 45 நாளைக்குள்ள டெல்லி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அங்கயும் போச்சுன்னா 60 நாளைக்குள்ள சுப்ரீம் கோர்ட், அதுவும் சட்டக் கேள்வி இருந்தாத்தான். ஆணையத்துல சட்டத்துறை ஆள் ஒருத்தர் இருக்கணும்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை வச்சு, 2022ல நூற்பாலைக்காரங்க மதுரைக் கிளைக்குப் போய் ரேட் ஆர்டருக்கே தடை வாங்குனாங்க. டிவிஷன் பெஞ்ச் அதை விலக்கிருச்சு, செப்டம்பர் 10ல ரேட் ஏறிருச்சு. மில்லுக்காரங்களுக்கே அவ்வளவுதான்.

எங்க போனாலும் மனுவை ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ணுல தேதியோட சீல் வாங்காம வெளிய வராதீங்க, "அப்புறம் வாங்க, சீல் எடுத்துட்டுப் போயிருக்காரு"ன்னா அங்கயே பெஞ்சுல உக்காந்துருங்க.