காய்ச்சல் ஊசிக்கு முன் மூன்று முறை ரத்தம்

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் காய்ச்சல் வராத வீடு குறைவு. நாள் முழுக்கச் சேற்றில் கால், அப்புறம் எலிக்காய்ச்சல், டெங்கு, டைபாய்டு என்று வரிசை கட்டி வரும். மழைக் காய்ச்சல்தானே என்று மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவோம். பெரும்பாலும் தப்பித்தும் விடுவோம்.

அப்படித் தப்பிக்க முடியாதவர்கள் சிலர் உண்டு. சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு கெட்டவர்கள், செயற்கை வால்வு பொருத்தியவர்கள், ஏற்கெனவே ஒருமுறை வால்வில் கிருமி தங்கிப் பிழைத்தவர்கள். மதகுப் பலகையில் ஆகாயத்தாமரை ஒதுங்குவது போல, ரத்தத்தில் போகிற கிருமி இவர்கள் வால்வில் ஒதுங்கிக் கொத்துக் கொத்தாகப் படியும். இதுதான் இதய வால்வுத் தொற்று (எண்டோகார்டைட்டிஸ்). அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

லேபில் கல்ச்சர் பாட்டில்களோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாட்டில்களோடு, பல வருடம் இருப்பவன் நான். எனக்கு எரிச்சல் தரும் முதல் தவறு, ஊசியைப் போட்டுவிட்டு ரத்தத்தை அனுப்புவது. ஆன்டிபயாட்டிக் உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமலே போகலாம். ரிப்போர்ட்டில் ‘வளர்ச்சி இல்லை’ என்று வரும். வீட்டில் அதைக் ‘கிருமி இல்லை’ என்று படித்துக்கொள்வார்கள். இரண்டும் வேறு வேறு. டைபாய்டு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்க்கும் வைடால் பரிசோதனை ஒருமுறை பாசிட்டிவ் என்றதும் டைபாய்டு என்று முடிவு கட்டுவதும் இதே ரகம். எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும்.

வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால், மருந்துக்கு முன் மூன்று முறை, தனித்தனியாகக் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். முதலுக்கும் கடைசிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் தோலில் இருந்த கிருமியோ என்று சந்தேகம் வரும். மூன்றிலும் அதே கிருமி என்றால் பேச்சுக்கே இடமில்லை. பாட்டிலுக்கு 10 மில்லி, முறைக்கு இரண்டு பாட்டில், மொத்தம் 60 மில்லி. “உடம்புல இருக்குற ரத்தத்தையே உறிஞ்சிட்டீங்களே” என்பார்கள். ஒரு டம்ளர் டிகிரி காபி அளவுகூட வராது. நோயாளி மோசமாக இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் காத்திருக்காமல், ரத்தத்தை உடனே எடுத்துவிட்டு மருந்தைத் தொடங்குவார்கள்.

எந்தக் கிருமி என்று தெரிவது ஏன் அவசியம்? குடலில் வாழும் என்டரோகாக்கஸ் ஃபேகாலிஸைப் பாருங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றதும் போடுகிற செப்ட்ரியாக்சோன் ஊசியைத் தனியாகப் போட்டால் அது அசையாது. அதே ஊசியை ஆம்பிசிலினோடு சேர்த்துப் போட்டால் மடங்கும்.

இன்னொரு குடல்வாசி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ். பழைய பெயர் போவிஸ், அதாவது மாட்டைச் சேர்ந்தது. இதைச் சொன்னால் உடனே கொட்டகையைச் சந்தேகிப்பார்கள். பாவம் மாடு, நல்ல ஆரோக்கியமான மனிதர் குடலிலும் இது இருக்கும். சந்தேகிக்க வேண்டியது நம் பெருங்குடலை. வால்வில் இந்தக் கிருமி பிடித்தவர்களில் பலருக்குக் குடலில் கட்டியோ புற்றுநோயோ இருக்கும். வால்வுத் தொற்றும் குடல் புற்றும் சேர்ந்து வந்த ஒருவரைப் பற்றி 1951இலேயே எழுதியிருக்கிறார்கள். 1977இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அந்தத் தொடர்பு உறுதியானது. ஆகவே இந்தப் பெயர் ரிப்போர்ட்டில் வந்தால் கொலனோஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். “காய்ச்சல்தான் விட்டுடுச்சே, அங்க எதுக்குக் குழாய் விடணும்?” என்று நழுவுவதுதான் இந்த நோயில் மிகப் பெரிய தவறு என்பேன். புற்றாக மாறும் முன்பே சின்னக் கட்டியை எடுத்துவிட வாய்ப்பு கிடைக்கிறது, அதைக் கூச்சத்தால் விடுவதா?

மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறோமே, அது வால்வில் கிருமி தங்காமல் காக்காதா என்று கேட்பார்கள். காக்காது. அது மூட்டுவலிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க. எக்கோவில் (இதய ஸ்கேனில்) ஒன்றும் தெரியவில்லை என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவுக்குச் சிக்காத கொத்து, உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோவில் தெரியும். செயற்கை வால்வுக்கு இது ரொம்பவே முக்கியம்.

கடைசியாக, பாதியில் கிளம்புவது. வால்வில் படிந்த கொத்துக்குள் ரத்தக்குழாய் கிடையாது, வெள்ளணுக்கள் எளிதில் நுழையாது. அதனால்தான் நரம்பு வழியாக 4 முதல் 6 வாரம் மருந்து. முதல் வாரத்திலேயே காய்ச்சல் விட்டுவிடும், வம்பு அங்கேதான். தை அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்புகிறவர், மாசியில் மறுபடி காய்ச்சலோடு வருவார். அப்போதும் ஊசிக்கு முன் மூன்று முறை ரத்தம் கொடுத்தாக வேண்டும்.