கடல் ஏறும் நேரம் பார்த்து: பினாங்கில் நீண்ட நேர ஒளிப்படம் எடுக்கும் முறை

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் தூண்கள் மேல் நிற்கும் மிதக்கும் மசூதியைப் படமெடுக்க நான் முதன்முதலில் போன மாலையில் கடல் வற்றிக் கிடந்தது. முக்காலி, ஒளியைக் குறைக்கும் புது கறுப்பு ஃபில்டர் எல்லாம் கையில் இருந்தன. ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்தால் படத்தில் பாலாகப் படர வேண்டிய தண்ணீர் மட்டும் தூண்களுக்கு அடியில் இல்லை. அன்றிலிருந்து, யார் கேட்டாலும் ஏற்றவற்ற அட்டவணையை முதலில் பார்க்கத்தான் சொல்கிறேன்.

நாளைக் குறியுங்கள். இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அந்த நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே இதைச் சொல்லிவிடும். பினாங்கில் பொழுது சாய்வது பெரும்பாலும் ஏழு மணிக்குப் பிறகு. அதையொட்டி ஏற்றம் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கேமராவை நிறுத்துங்கள். முக்காலியின் கால்களை ஈர மணலில் நன்றாக அழுத்துங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8 அல்லது எஃப் 11. முக்காலியில் இருக்கும்போது அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். கையால் ஷட்டரை அழுத்தினால் படம் நடுங்கும். 2 விநாடி டைமர் போதும்.

ஃபோகஸை முதலில் முடியுங்கள். கறுப்பு ஃபில்டரை மாட்டிய பிறகு பல கேமராக்கள் தடுமாறும். ஃபில்டர் இல்லாமல் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, பிறகு மாட்டுங்கள்.

கணக்கு. என்டி 1000 ஃபில்டர் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/60 விநாடி சரியாக வந்தால், மாட்டிய பின் சுமார் 17 விநாடி. 1/30 என்றால் சுமார் 34 விநாடி. பல கேமராக்களில் 30 விநாடியைத் தாண்ட, ஷட்டரை நாமே வேண்டிய நேரம் திறந்து வைக்கும் பல்ப் முறைக்குப் போக வேண்டும். இருட்டிக்கொண்டு வரும்போது ஒளி நிமிடத்துக்கு நிமிடம் குறையும். ஒவ்வொரு படத்துக்கும் ஃபில்டரைக் கழற்றி அளக்க நேரமிருக்காது. முந்தைய படம் இருட்டாக இருந்தால் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

இனி எவ்வளவு நேரம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். எல்லோரும் உடனே 30 விநாடிக்குத் தாவுகிறார்கள். அது கடலைப் பனிமூட்டம் போல ஆக்கிவிடும். மசூதிக்கு அந்த அமைதி பொருந்தும். பத்து பெரிங்கி கடற்கரையின் பாறைகளுக்கு எனக்குப் பிடித்தது அரை விநாடி முதல் 2 விநாடி வரை. அலை பின்வாங்கத் தொடங்கும் நொடியில் ஷட்டர் திறக்கும்படி, டைமரின் 2 விநாடியையும் கணக்கிட்டு அழுத்துங்கள். நுரை இழை இழையாகக் கோடு போட்டுக்கொண்டு இறங்கும்; கடல் மூச்சு இழுப்பது படத்தில் தெரியும். இருபது முறை எடுத்தால் ஒன்று அமையும். பொறுமையாக எடுங்கள், அந்த ஒன்று அத்தனைக்கும் ஈடு.

விடியலை எடுக்க, கடலுக்குள் மரக்கால்கள் மேல் நீளும் வெல்ட் கீ ஜெட்டிகளுக்குப் போங்கள். சூரியன் எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கம் எழும். அங்கே பலகை நடைபாதையில் ஒருவர் நடந்தாலும் முக்காலி அதிரும். அவர் கடந்து போகும்வரை காத்திருங்கள். நடைபாதையை ஒட்டி இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள். விடியற்காலையில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், வாசலுக்கு நேரே கேமராவைத் திருப்பாதீர்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து நேராக வந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்னதாகவே பையை வெளியே வைத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். உப்பு ஒரே இரவில் திருகுகளைப் பிடிக்கத் தொடங்கிவிடும்.