எம்ஜிபி காருக்கு ஸ்பிரிங் வாங்கும் முன்

எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு சஸ்பென்ஷன் பாகம் வாங்கும்போது தயாரிப்பு வருடத்தை மட்டும் நம்பாதீர்கள். 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது, அமெரிக்க விதிக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். அது பிடிக்காத பலர், குரோம் பம்பர் கால ஸ்பிரிங், கிராஸ்மெம்பர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டி இறக்கிவிட்டார்கள். ஆக, '1977 மாடல்' என்று ஆர்டர் போட்டால் பொருந்தாதது வந்து சேரலாம்.

கழற்றிய முன் ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனை வெர்னியரில் அளந்து, சுற்றுகளையும் எண்ணிக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உயரத்தை மட்டும் சொன்னால் போதாது, பழசு தளர்ந்திருக்கும்.

லீவர் ஆர்ம் டாம்பரை (நெம்புகோல் கை உள்ள பழைய வகை ஷாக் அப்சார்பர்) எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக் (குழாய் வடிவ) டாம்பர் போட்டிருக்கிறார்களா? அப்போது முழுக்க அமுக்கிய நீளம், இழுத்த நீளம், போல்ட் துளை விட்டம் மூன்றும் வேண்டும். இந்த மாற்றத்துக்கு விற்கும் கிட்டுக்குக் கிட் பிராக்கெட் மாறும். அப்புறம், முன் விஷ்போன் (சக்கரத்தைப் பிடிக்கும் கை) புஷ்ஷுக்கு, அதாவது அதன் மூட்டில் வரும் உறைக்கு, எம்ஜிபியின் வி8 எஞ்சின் மாடலுடையதையே கேளுங்கள்.