கிழித்த நாட்காட்டித் தாளில் குழந்தையின் கற்றல் குறிப்பு

அங்கன்வாடியிலோ மழலையர் வகுப்பிலோ தினசரி நாட்காட்டியின் அன்றைய தாளைக் கிழித்து, அதன் வெற்றுப் பின்புறத்தில் ஒரே ஒரு குழந்தையைப் பற்றிக் கண்டதை மட்டும் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு வரி எழுதி, அந்தக் குழந்தையின் பெயர் எழுதிய காகித உறையில் போட்டுவிடுங்கள். வருகைப் பதிவேட்டின் வரிசையில் நாளுக்கு ஒருவராகச் சென்றால், இருபது பேர் உள்ள மையத்தில் மாதத்திற்கு ஒருமுறையேனும், ஓசையின்றி ஓரமாக இருக்கும் பிள்ளையும் நம் கண்ணில் பட்டுவிடுவாள்.

தேதி தாளிலேயே அச்சாகியிருப்பதால், மாதக் கடைசியில் நினைவைத் துழாவி மதிப்பீட்டு அட்டையை நிரப்ப வேண்டியதில்லை. "நன்றாக எண்ணுகிறாள்" என்று எழுதுவதைவிட, "புளியங்கொட்டைகளைத் தொட்டுத் தொட்டு ஏழு வரை எண்ணினாள், எட்டை விட்டு ஒன்பது என்றாள்" என்று எழுதினால் அடுத்து என்ன கற்பிப்பது என்பது அதிலேயே தெரியும். மணலில் ஈர்க்குச்சிகளை வரிசையாக ஊன்றி நடவு விளையாடும் தஞ்சைப் பக்கத்துப் பிள்ளையிடம் ஒழுங்கும் இடைவெளியும் பற்றிய அறிவு இருக்கிறது. அதை எந்த எழுத்துத் தேர்வும் காட்டாது. 2022-இல் வெளியான, மூன்று முதல் எட்டு வயது வரையிலான அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் உற்றுநோக்கலையே முதன்மையான மதிப்பீட்டு முறைகளுள் ஒன்றாகச் சொல்கிறது.

எடை, உயரம் போன்ற அளவுகளுக்கு இது பொருந்தாது; அவை பதிவேட்டிலேயே இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருகை குறையும்போது, வராத பிள்ளையின் முறையைத் தள்ளிவைக்க வேண்டுமே தவிர விட்டுவிடக் கூடாது. பேச்சிலோ செவித்திறனிலோ ஐயம் எழுந்தால் உறை நிறையும்வரை காத்திராமல் உடனே கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவியுங்கள்.